கத்தியில் மனித ரத்தம், பிரிவு தெரியவில்லை: சந்தேகத்தின் பலன் கிடைக்குமா?

கைப்பற்றிய கத்தியில் இருப்பது "மனித ரத்தம், பிரிவு (A, B, O போன்ற ரத்த வகை) கண்டறிய முடியவில்லை" என்ற தடய அறிவியல் ஆய்வக அறிக்கையை மட்டும் வைத்துக் கொலைக்குத் தண்டிக்க முடியாது. அதை மட்டும் காட்டி விடுதலையும் வாங்க முடியாது. இதற்கு நிலையான சூத்திரம் கிடையாது, மற்ற சாட்சியத்தோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது.

பிரிவு தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் ரத்தம் சிதைந்துபோனதுதான். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்டேஷனில் போட்டுவைத்தால் வேறென்ன ஆகும்?

ஆகவே குற்றம்சாட்டப்பட்டவருக்காக வாதாடினால் தேதிகளைப் பிடியுங்கள்.

1. கைப்பற்றல் மகஜர் (பொருளைச் சாட்சிகள் முன் கைப்பற்றியதற்கான பதிவு), படிவம் 95 (பொருளைப் போலீஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம்), நீதிமன்றம் ஆய்வகத்துக்கு எழுதிய அனுப்புகைக் கடிதம், ஆய்வகம் பெற்றுக்கொண்ட நாள், இந்த நான்கின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். மகஜரில் சீல் வைத்ததாக ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள்.

2. இடைவெளி இருந்தால், பொருள் யார் பொறுப்பில் இருந்தது என்று விசாரணை அதிகாரியிடம் குறுக்கு விசாரணையிலேயே கேட்க வேண்டும். அங்கே கேட்காததை இறுதி வாதத்தில் எழுப்பினால் எடுபடாது.

தேனி சுருளி இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டிஎன்ஏ மாதிரி அனுப்பியதில் விளக்கமில்லாத தாமதமும் அதற்கு ஒரு காரணம். மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும் என்ற நெறிமுறை அந்தத் தீர்ப்பில் வந்ததுதான். உங்கள் சம்பவம் அதற்கு முந்தையது என்றால் விதிமீறல் என்று வாதாடாதீர்கள், தாமதத்தை மட்டும் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நேரில் பார்த்த சாட்சி குறுக்கு விசாரணையில் அசையாமல் நின்றிருந்தால் இந்த ஓட்டை பெரிதாக உதவாது. வெறும் சூழ்நிலைச் சாட்சியம் என்றால்தான் இது வழக்கையே புரட்டும்.