மல்டி-ஏஇசட் பிரதியில் அறிக்கைகளை ஓட்டலாமா?

அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் ஒற்றை மண்டலத்தில் (தனித்து இயங்கும் தரவு மையத் தொகுதியில்) இயங்கும் உங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மாதக் கடைசி அறிக்கைகளால் திணறுவதாகவும், வேறு மண்டலத்திலும் பிரதி வைக்கும் மல்டி-ஏஇசட்டுக்கு மாறினால் இரண்டாம் பிரதியில் அவற்றை ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே காத்திருப்புப் பிரதி கொண்ட வகையில் முடியாது; அது ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் பெற்றுக்கொண்டாலும், முதன்மைச் சேவையகம் விழும்வரை எந்த வினவலுக்கும் பதில் தராது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மூன்று மண்டலங்களில், எழுத ஒன்றும் படிக்க இரண்டுமாகச் சேவையகங்கள் கொண்ட கிளஸ்டர் வகையில் முடியும்; முதன்மை விழுந்ததும் பிரதி அதன் வேலையை ஏற்கும் இடமாற்றம் முந்தையதில் 60 முதல் 120 நொடி பிடிக்கும்; அதுவும் இதில் பெரும்பாலும் 35 நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால் மூன்று சேவையகங்களுக்கும் பணம் கட்ட வேண்டும். ஓரிரு நிமிடத் தடங்கலைத் தாங்க முடியுமென்றால், சாதாரண மல்டி-ஏஇசட்டுடன் சிறிய அளவில் ஒரு ரீட் ரெப்ளிகாவை, அதாவது படிக்க மட்டுமான பிரதியைச் சேர்த்து, அறிக்கைகளின் இணைப்பு முகவரியை மட்டும் அதற்கு மாற்றுங்கள். அதன் தரவு சற்றே பின்தங்கியிருக்கலாம்.