ரெஃபரல் கேட்கலாமா, எப்படிக் கேட்பது? – கேள்வி பதில்

கேள்வி: ரெஃபரல் இருந்தால் வேலை உறுதிதானே?

பதில்: இல்லை. ரெஃபரல் என்பது ஒரு கம்பெனியில் வேலை செய்பவர், அங்குள்ள வேலைக்கு உங்களைப் பரிந்துரைப்பது. குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களுக்கு நடுவே உங்கள் ரெஸ்யூமேயை ஒருவர் திறந்து பார்க்க வைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு டெஸ்ட், இன்டர்வியூ எல்லாம் மற்றவர்களுக்குப் போலத்தான். ஆனால் பலருடைய விண்ணப்பம் விழுவதே அந்த முதல் கட்டத்தில்தான். அதனால் கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: நெருங்கிய நண்பர்கள் யாரும் என் துறையில் இல்லை. எனக்கு நெட்வொர்க் என்று எதுவுமே இல்லையே?

பதில்: நெருங்கியவர்கள் தேவையில்லை. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. மிக அரிதாக என்றவர்கள் 27.8. காரணம் எளிது: கூடவே இருப்பவருக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் வந்தது. அதிலும் நெருக்கமானவர்களைவிட ஓரளவு பழக்கமானவர்களே வேலை மாற அதிகம் உதவினார்கள். பெயரளவுக்கு மட்டுமே தொடர்பில் இருந்தவர்கள் அந்த அளவுக்கு உதவவில்லை. ஆகவே பழைய டீமில் இருந்து விலகிப் போனவர்கள், கல்லூரி சீனியர்கள், ஜூனியர்கள், வேலை விஷயமாக மெயிலில் பேசிய வெளி ஆட்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஜூனியரிடம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கேள்வி: மெசேஜில் என்ன எழுதுவது? பலருக்கு அனுப்பியும் பதில் இல்லை.

பதில்: "ஹாய், ஏதாவது வேகன்ஸி இருந்தால் ரெஃபர் பண்ணுங்க" என்று அனுப்பியிருந்தால் பதில் வராது. தேடும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம், முன்பு பில்லிங் புராஜெக்டில் உங்களோடு டெஸ்டிங் பார்த்தேன். உங்கள் கம்பெனியில் இந்த ஜாப் ஐடிக்கு முயற்சி செய்கிறேன், லிங்க் கீழே. 4 வருட ஆட்டோமேஷன் அனுபவம், அவர்கள் கேட்கும் டூல் இரண்டும் தெரியும். ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். சரிப்படாது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள்."

ரெஃபரல் படிவத்தில் "இவரை எப்படித் தெரியும், ஏன் பொருந்துவார்" என்று கேட்பது வழக்கம். மேலே உள்ள வரிகளை அவர் அப்படியே ஒட்டிவிடலாம். அந்தக் கட்டம் காலியாகப் போனால் ரெஃபரலுக்குப் பாதி மதிப்புதான். ரெஸ்யூமேயை பிடிஎஃப்-ஆக, உங்கள் பெயரிட்டு அனுப்புங்கள். "ஃபைனல் நியூ 3" என்ற பெயரில் வேண்டாம். பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: வெப்சைட்டில் ஏற்கெனவே அப்ளை செய்துவிட்டேன். இப்போது ரெஃபரல் வாங்கலாமா?

பதில்: பல கம்பெனிகளில் முடியாது. உங்கள் மெயில் ஐடி சிஸ்டத்தில் இருப்பதால், பின்னால் வரும் ரெஃபரலை அது ஏற்காது, அல்லது ரெஃபர் செய்தவருக்குக் கம்பெனி தரும் போனஸ் கிடைக்காது. முதலில் ரெஃபரல், அப்புறம் விண்ணப்பம் என்பதுதான் வரிசை. தாண்டிவிட்டது என்றால், ரெக்ரூட்டருக்கோ அந்த டீமின் மேனேஜருக்கோ உங்களைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சில இடங்களில் படிவத்தைவிட இதுவே நன்றாக வேலை செய்யும். வேறு மெயில் ஐடியில் மறுபடி அப்ளை செய்யும் தந்திரம் வேண்டாம். ஒரே ஆள் இரண்டு பதிவாகத் தெரிந்தால் சந்தேகம்தான் வரும்.

கேள்வி: ரெஃபர் செய்துவிட்டதாகச் சொன்னார். 3 வாரமாகச் சத்தமே இல்லை.

பதில்: ஸ்பாம் ஃபோல்டரைப் பாருங்கள். பல சிஸ்டங்களில் ரெஃபர் செய்ததும் உங்களுக்கு ஒரு லிங்க் வரும். அதில் போய் விண்ணப்பத்தை நீங்கள்தான் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் ரெஃபரல் அந்தரத்தில் நிற்கும். லிங்க் வரவில்லை என்றால், கொடுத்த மெயில் ஐடி சரியா என்று அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்தால் ரெஃபர் செய்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: பிளாக் செய்யுங்கள். ரெஃபர் செய்பவருக்குப் பணம் தருவது கம்பெனி, நீங்கள் அல்ல.