காவலாளியை அனுப்பி வைத்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயன் ராண்டின் 'த ஃபவுண்டன்ஹெட்' நாவலைப் படித்து முடித்தேன். அதன் நாயகன், கட்டடக் கலைஞன் ஹோவர்ட் ரோர்க் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறான். இப்போதெல்லாம் யாருக்காவது ஏதாவது செய்தால் 'நான் ஏமாளியோ?' என்று தோன்றுகிறது. தத்துவம் படித்த நண்பரிடம் சொன்னேன்; சிரிக்கிறார். சுயநலமே அறம் என்கிற இந்தத் தத்துவத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சிரிப்பு எனக்கும் கிடைத்ததுதான். இருபது வயதில் நானும் ரோர்க்காகத் திரிந்தேன். வீட்டில் யாரும் என்னோடு பேச முடியாத காலம் அது.

ராண்டின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1905இல் ரஷ்யாவில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு அப்பாவின் மருந்துக்கடையை மக்கள் பெயரால் பறித்துக்கொண்டார்கள். 1926இல் அமெரிக்கா போனார். 'பொதுநலம்' என்ற சொல்லை அவர் கடைசிவரை நம்பாததில் எனக்கு வியப்பில்லை. அவர் சொன்ன சுயநலம் அடுத்தவரைச் சுரண்டுவதும் அல்ல: பிறருக்காக உன்னைப் பலியிடாதே, உனக்காகப் பிறரையும் பலியிடாதே.

சரி, இதில் என்ன கோளாறு? கோர்ட்லண்ட் குடியிருப்பை ரோர்க் வெடிவைத்துத் தகர்க்கும் இடத்தைப் பாருங்கள். ஏழைகளுக்காகக் கட்டிய வீடுகள். தன் வரைபடத்தை மாற்றிவிட்டார்கள் என்பது அவன் வழக்கு. அன்றிரவு அவனை நேசிக்கும் டொமினிக் காரில் வந்து, பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் காவலாளியைத் தூர அனுப்பிவிடுகிறாள். ஒரு உயிரும் போகவில்லை. ரோர்க் நீதிமன்றத்தில் நீளமாகப் பேசுகிறான், விடுதலை. அந்தக் காவலாளி பாதி வழியில் திரும்பி வந்திருந்தால்? வரமாட்டான், ஏனென்றால் அவனை அனுப்பி வைத்தவர் நாவலாசிரியர். குற்றவாளி, சாட்சி, நடுவர் எல்லாரையும் ஒரே கை எழுதும்போது வழக்கு ஜெயிக்காமல் என்ன செய்யும்?

கட்டுரைகளில் இந்த வசதி இல்லை. 1964இல் வந்த 'த வர்ச்சூ ஆஃப் செல்ஃபிஷ்னஸ்' தொகுப்பில், பகுத்தறிவுள்ள மனிதர்களின் நலன்கள் மோதுவதில்லை என்று வாதிடுகிறார். ஒரே வேலைக்கு இரண்டு பேர் விண்ணப்பிப்பதை அவரே உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். தகுதியுள்ளவனுக்குக் கிடைப்பதே இருவருக்கும் நல்லது என்பது அவர் முடிவு. வேலை கிடைக்காதவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தத்துவத்தோடு சண்டை போட வேண்டுமானால் இங்கே போடுங்கள், ரோர்க்கோடு வேண்டாம்.

அடுத்து அவருடைய 'அட்லஸ் ஷ்ரக்ட்' நாவல் பக்கம் போவீர்கள், தெரியும். அதில் நாயகன் ஜான் கால்ட்டின் வானொலிப் பேச்சு மட்டுமே சுமார் 60 பக்கம். தேநீர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாளி விஷயத்துக்கு வருகிறேன். சிற்பி மாலரி நொறுங்கிக் கிடக்கும் அறைக்கு ரோர்க் தேடிப் போகிறான். மாலரி அழுது முடிக்கும்வரை கூடவே இருக்கிறான். இது தியாகம் அல்ல, ரோர்க் மதிக்கும் திறமைக்கான மரியாதை என்று ராண்ட் விளக்கம் சொல்வார். இருக்கட்டும். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவன் தன்னை ஏமாளி என்று நினைத்தானா? அந்த இடத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.