தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? நன்கொடை கொடுத்தால் போதாதா?

மகளை அடுத்து முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்க ஆசை, ஆனால் அங்கே பிள்ளைகள் குறைவாக இருக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் படித்தார்கள். சங்கத்தில் ஆறு வருஷம் பொருளாளராக இருந்தேன். கணக்குப் புத்தகம் எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் வேண்டும்தான், ஆனால் அதற்கு முன்னால் வேண்டியது பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைப் பள்ளிவரை கொண்டுபோய் விடும் வேன்.

இது ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் பள்ளிகள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்திலேயே வந்தன. என் அப்பா பால்மரம் சீவிய காலத்தில், பள்ளி மணி அடித்த பிறகு வீட்டிலிருந்து ஓடினாலே போதும். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. ஆள் தேவை குறைந்தது. லயம் காலியாகி, குடும்பங்கள் எல்லாம் பட்டணத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்டன. பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. 1957-இல் நாடு விடுதலை அடைந்தபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குக் கொஞ்சம் மேல்தான். மூடியதும் இன்னொன்றோடு இணைத்ததும் பெரும்பாலும் சின்னத் தோட்டப்பள்ளிகளைத்தான்.

மாணவர் 150 பேருக்கு மேல் இல்லையென்றால் அது குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் வரும். 30-க்கும் கீழே இறங்கினால் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் படிக்கும் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டிய நிலை வரும். நான் பொறுப்பில் இருந்தபோது எங்கள் எண்ணிக்கை 38. அதில் 11 பேர் ஒரே வேனில் வருகிறவர்கள்.

அந்த வேனை ஓட்டிய அண்ணன் ஒரு நாள் பள்ளி வாசலில் என்னைக் கூப்பிட்டு, “மா, நெஞ்சு வலி வந்து போச்சு, இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்” என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை. 38-இல் 11 போனால் 27. பேரப்பிள்ளைகள் மூன்று பேரை வளர்க்கும் ஒரு பாட்டி, வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்திலேயே தேசியப்பள்ளி இருக்கிறதே, அங்கேயே மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது?

யாருடைய காரிலாவது ஏற்றி அனுப்பலாமே என்றார்கள். கூலிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற பெர்மிட் வேண்டும், ஓட்டுநருக்குப் பி.எஸ்.வி. என்ற பொதுச்சேவை வாகன உரிமம் வேண்டும். விபத்து நடந்தால் யார் பொறுப்பு? அதனால் முறையாக ஓட்டுகிற ஒருவரைத் தேடினோம். கிடைத்தார். ஆனால் 11 பிள்ளைகளுக்காகத் தோட்டம்வரை வந்து போனால் டீசலுக்கே சரியாகிவிடும், 16 பேர் இருந்தால் வருகிறேன் என்றார்.

ஆக, ஐந்து பிள்ளைகள் தேவை. நானும் இன்னும் இரண்டு அம்மாக்களும் தாமான்களில் இருக்கும் பாலர் பள்ளிகளின் வாசலில் போய் நின்றோம். அதுவரை எங்கள் சங்கம் அதைச் செய்ததே இல்லை. மேடை போட்டு விழா நடத்தினோம், சுவருக்குச் சாயம் அடித்தோம், ஒரு நிறுவனம் கணினிகூடக் கொடுத்தது. அந்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் மூன்றே பேர். சாயத்தைப் பார்த்து யாரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை.

பாலர் பள்ளி வாசலில் அம்மாக்கள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள். மலாய் வருமா? ஆங்கிலம் வருமா? இடைநிலைப்பள்ளிக்குப் போனால் தடுமாறுவார்களா? பாடத்திட்டம் எல்லா அரசாங்கப் பள்ளிகளுக்கும் ஒன்றுதான், மலாயும் ஆங்கிலமும் இங்கேயும் கட்டாயப் பாடம் என்று சொன்னோம். மலாய் பேசிப் பழக வீட்டிலும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர் என்றால் எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து தகராறு என்பது ஆசிரியருக்குத் தெரியும் என்று என் மகனையே உதாரணம் காட்டினேன். அவனுக்கு ழகரமும் பெருக்கலும் ஒரே டீச்சரின் பொறுமையால் வந்தவை.

மூன்று பிள்ளைகள் கிடைத்தார்கள். மீதி இரண்டு இருக்கைக்கான கூலியைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பாட்டி வீட்டுப் பிள்ளைகளின் கூலியில் பாதியைக் கோயில் கமிட்டி கொடுத்தது. வேன் ஓடியது, பாட்டியும் பிள்ளைகளை மாற்றவில்லை. எங்கள் ஊருக்கு இந்த வழக்கம் புதிதல்ல. இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளிக்கு, பின்னாளில் அமைச்சரான துன் சம்பந்தன் தன் சொந்தப் பணத்தையும் போட்டார். 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து அதைத் திறந்துவைத்தார்.

பணம் எங்கே வேண்டும் என்றால், கட்டடத்துக்கு. நீங்கள் சேர்க்கப்போகும் பள்ளி அரசாங்கத்தின் முழு உதவி பெறுவதா, பகுதி உதவி பெறுவதா என்று கேளுங்கள். ஆசிரியர் சம்பளம் இரண்டிலும் அரசாங்கம்தான் கொடுக்கிறது. நிலம் தோட்டத்துடையது என்றால் கட்டட வேலைக்கு நிர்வாகத்திடமும் போய் நிற்க வேண்டியிருக்கும். அங்கே பள்ளி மேலாளர் வாரியத்தில் உழைக்கும் ஆட்கள் இருக்கிறார்களா என்பது முக்கியம். ஆண்டுக்கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். எங்கள் கூட்டத்தில் பாதி நாற்காலி காலியாகவே இருக்கும்.

இன்னொன்று. ஆசிரியர்மேல் குறை இருந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதினால் அன்று மாலைக்குள் தாமான் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு சேர இருந்த பிள்ளையும் வராது. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கத் தேர்வை 2021-இல் ரத்து செய்துவிட்டார்கள். அதனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரோடு உட்கார்ந்தால்தான் தெரியும். இதற்கு மட்டுமாவது லீவு எடுங்கள்.

இடைநிலைப்பள்ளியிலும் இதே எண்ணிக்கைக் கதைதான். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் கொடுக்கிறது. சட்டம் இருந்தாலும் கையெழுத்துப் போட 15 பேர் வர வேண்டும்.

முதலாம் ஆண்டுப் பதிவு, பள்ளி தொடங்குவதற்கு வெகுமுன்பே திறந்து மூடிவிடும். அதனால் இந்த வாரமே ஒரு காலையில் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். வரும்போது வேன் ஓட்டுகிறவரின் எண்ணை வாங்கிக்கொண்டு, எத்தனை இருக்கை காலி என்று கேளுங்கள். உங்கள் தாமானில் அதே வயதுப் பிள்ளை உள்ள வீடு இன்னொன்று இருந்தால், அவர்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.