பஸ் பெர்மிட்டில் பங்கு சேரலாமா?

கேள்வி: நண்பர் பெயரில் டவுன் பஸ் பெர்மிட் இருக்கிறது. 25 லட்சம் கொடுத்தால் பாதிப் பங்கு என்று புரோக்கர் மூலம் பத்திரம் எழுதி, 5 லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டேன். பெர்மிட் அவர் பெயரிலேயே இருக்கும். இது செல்லுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய பத்திர நகலில், ‘பெர்மிட்டை இருவரும் சரிபாதியாக அனுபவித்துக்கொள்வது’ என்று ஒரு வரி இருக்கிறது, உங்களைச் சிக்கலில் மாட்டப்போவது அந்த வரிதான். பெர்மிட் என்பது கூறுபோட்டுக்கொள்ளும் சொத்தன்று, இன்னார் இந்தத் தடத்தில் பேருந்து ஓட்டலாம் என்று அரசு அந்த ஒருவருக்குக் கொடுத்த அனுமதி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 82-ஆம் பிரிவுப்படி, அதை வழங்கிய போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியின்றி இன்னொருவருக்கு மாற்ற முடியாது. கூட்டு என்ற பெயரில் அதையே செய்தால் ஒப்பந்தம் செல்லாமற்போகும். மதுக்கடை உரிமத்தில் இப்படிச் சேர்ந்தவர்களின் கூட்டு செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு பல பத்தாண்டுகளுக்கு முன்பே தீர்ப்பளித்துவிட்டது. நாளை நண்பர் வசூலில் பங்கு தர மறுத்தால், இந்தப் பத்திரம் உங்களுக்குக் கைகொடுக்காது.

‘நோட்டரி போட்டாச்சு, பவரும் எழுதியாச்சு’ என்று புரோக்கர் சொல்வதை நம்பாதீர்கள். நோட்டரி முத்திரை செல்லாத ஒப்பந்தத்தைச் செல்லுபடியாக்காது. பவரோ, பொதுவாக, எழுதிக்கொடுத்தவர் இறந்த அன்றே முடிந்துவிடும். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது அதைவிட ஆபத்து, ஏனெனில் பெர்மிட்தாரர் வண்டியின் உரிமையாளராக இல்லாமற்போனால் அதுவே பெர்மிட்டை ரத்து செய்யக் காரணமாகிவிடும்.

சட்டம் தரும் விலக்கு, பெர்மிட்தாரர் இறந்துபோகும் நிலைக்கு உரியது. வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர், இறப்பையும் தாம் ஓட்டப்போவதையும் 30 நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால், பெர்மிட்டின் காலம் அதற்குள் முடியாதிருந்தால், மூன்று மாதம் வரை ஓட்டலாம். பெயர் மாற்றத்துக்கும் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் பிறகும் ஏற்கலாம். இந்த விலக்கு வாரிசுகளுக்காக ஏற்பட்டது. பணம் போட்ட பங்காளி இதைக் காட்டி உரிமை கோர முடியாது.

முறைப்படி விண்ணப்பித்தால் கோப்பு மாதக்கணக்கில் நகர்வதில்லை, எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டால்கூடப் பதில் இல்லை. புரோக்கர்களை வளர்ப்பதே இந்தத் தாமதம்தான் என்று அதிகாரிகளிடமே சொல்லிச் சலித்துவிட்டேன். ஆயினும் உங்களுக்கு வேறு வழியில்லை. இருவருமாக விண்ணப்பித்து, அனுமதி உத்தரவு கைக்கு வரும்வரை மீதி 20 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்த 5 லட்சத்தை நண்பர் பெற்றுக்கொண்ட கடனாகக் காட்டி, பெர்மிட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், இந்த வாரமே தனிப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள்.