பத்து நொடிக்குள் போய் உட்காருங்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிறேன். மகள் கல்லூரிக்குப் போன பிறகு ஆல்பத்தைப் புரட்டினேன். நான் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. ஆறு மாதமாகச் செல்போனில் என்னை நானே படம் எடுக்கிறேன்; யாருக்கும் காட்டுவதில்லை. “இந்த வயதில் என்ன மினுக்கல்?” என்கிறார் மாமியார். எனக்கும் படங்கள் பிடிக்கவில்லை. முகம் யாருடையதோ போல இருக்கிறது. விரல் நுனி கறுத்திருப்பதால் கையையும் மறைத்துக்கொள்கிறேன். விட்டுவிடலாமா?
– வாசகி, சேலம்

பதில்: விடாதீர்கள், சகோதரி. மினுக்குகிறவர்கள் நாலு பேருக்குக் காட்டாமல் இருப்பார்களா?

முகம் அந்நியமாகத் தெரிவதில் வியப்பில்லை. இத்தனை வருடம் நீங்கள் பார்த்தது கண்ணாடிக்குள் இடவலம் மாறிய முகத்தை. படத்தில் மூக்குத்தி எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. கையெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு வேறு பெருத்துவிடும். திரையில் தன்னைப் பார்த்ததும் உதட்டையும் புருவத்தையும் சரிசெய்யாத மனிதரை நான் கண்டதில்லை. அதனால் முன்பக்கக் கேமராவை மறந்துவிடுங்கள். செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து, பின்பக்கக் கேமராவில் பத்து நொடி டைமர் வைத்துவிட்டு, ஆறேழு அடி தள்ளிப் போய் உட்காருங்கள்.

1839இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் என்ற இளைஞர் கேமராவின் முன் அசையாமல் நின்று தன்னையே படம் எடுத்தார். தலை கலைந்திருக்கிறது, ஆள் படத்தின் நடுவில்கூட இல்லை. படம் விழுமா விழாதா என்ற சந்தேகம் அந்த முகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றும். அழகாகத் தெரிய அவர் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. நீங்களும் மெனக்கெட வேண்டாம்; உங்களுக்கு இருப்பது பத்து நொடிதான்.

அடுத்து, மறைக்கிற கையிலிருந்தே தொடங்குங்கள். காலை ஏழு மணி, ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். மடியில் சலங்கை, கறுத்த விரல்கள், அவ்வளவுதான், முகம் வேண்டாம். முகமில்லாமலும் தன்னுருவப் படம் உண்டு. சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மேயர், தரையில் விழுந்த தன் நிழலையும் கடைக் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையும் விடாமல் எடுத்தார். உங்களைப் போலவே, பெரும்பாலானவற்றை யாருக்கும் காட்டவில்லை.

பிடிக்காத படத்தை அன்றே அழிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். மாமியாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் ஒருநாள் ஏற்காட்டுக்கு பஸ் ஏறுங்கள். மூடுபனியில் முகத்தில் நிழல் விழாது. பனி அடர்த்தியாக இருந்தால், தள்ளி நிற்க நிற்க உருவம் கரையும். கேமரா பனியைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். செல்போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைக்குமுன் பக்கத்தில் குரங்கு இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதைத் திரும்ப வாங்க நான் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுக்க வேண்டியிருந்தது.