வளர்ந்த சின்ன ஜாதி நாய்க்கு மலையகத்தில் நல்ல வீடு தேடுவது எப்படி?

ஹட்டன் டவுனுக்குப் பக்கத்தில் மழையில் நனைந்து நின்ற ஒரு பெண் பொமரேனியனைத் தூக்கி வந்து வைத்திருக்கிறீர்கள். மிருக வைத்தியர் பல்லைப் பார்த்துவிட்டு நாலைந்து வயது இருக்கும் என்றிருக்கிறார். உங்கள் வீட்டுப் பெரிய நாய் அதைச் சேர்க்கவில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் "குட்டி இருந்தா தாங்க" என்கிறார்கள், இந்த வயதில் இதை யார் எடுப்பார்கள் என்பது உங்கள் கேள்வி.

எடுப்பார்கள். ஜாதி நாய், சின்ன உருவம், வெள்ளை முடி என்று ஒரு படம் போட்டாலே போன் வர ஆரம்பிக்கும். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: சின்ன ஜாதி நாய்க்கு ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. வருகிறவர்களில் யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று பிரிப்பதுதான் வேலை.

அதற்கு முன்னால் சொந்தக்காரரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். ஏப்ரல் சீசனுக்குக் காரில் கூட்டி வந்த நாய் பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடியிருக்கலாம். கழுத்து முடியை விலக்கிப் பாருங்கள்; பட்டி கட்டி வளர்த்த நாய் என்றால் அந்த இடத்தில் முடி தேய்ந்திருக்கும். பக்கத்துக் கடைகள், ஆட்டோ நிற்கிற இடம், மிருக வைத்தியரின் அறை என்று எல்லா இடத்திலும் சொல்லி வையுங்கள். ஒரு அடையாளத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். "என் நாய்தான்" என்று வருகிறவர் அதைச் சொல்லட்டும்.

யாரும் வரவில்லையென்றால் முதல் வேலை கருத்தடை. இது செய்யாமல் நாயைக் கையில் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. "குட்டி போட்டிருக்கா? போடுமா?" என்றுதான் பலருடைய முதல் கேள்வியே இருக்கும். அவர்களுக்கு வேண்டியது இந்த நாய் இல்லை, விற்பதற்குக் குட்டிகள். சின்ன ஜாதி நாய்களுக்குப் பிரசவம் சிக்கலாகி வயிற்றைக் கிழித்துக் குட்டி எடுக்க வேண்டி வருவது சாதாரணம். ஐந்து வயது நாயை அதற்காக ஒரு கூட்டுக்குள் அனுப்பாதீர்கள். கருத்தடை ஆகிவிட்டது என்று எழுதிவிட்டால் இந்தப் போன்கள் தானாக நின்றுவிடும். வயதாக ஆகக் கருப்பையில் சீழ் பிடித்து உயிரை எடுக்கிற ஆபத்தும் போய்விடும். உங்கள் ஊர் வைத்தியர் தயங்குகிற கேஸ் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போகலாம்.

விசர்நாய்க்கடி தடுப்பூசியும் போட்டு, அட்டையையும் நாயோடு கொடுங்கள். அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது, உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டால் எப்போது எங்கே என்று சொல்வார். நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்ன நாய்தானே என்று விடாதீர்கள்.

வளர்ந்த நாயில் இருக்கிற பெரிய நன்மை, அதன் குணம் இப்போதே தெரியும் என்பது. குட்டி எப்படி வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கொஞ்ச நாள் வைத்திருந்து கவனியுங்கள். தனியாக விட்டால் குரைக்கிறதா? சாப்பிடும்போது கை வைத்தால் உறுமுகிறதா? வாத்து கத்துவதுபோல் இருமுகிறதா? பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்துபோவது உண்டு. அப்படி இருந்தால் கழுத்தில் பட்டி கட்டாமல் மார்போடு சேர்த்துப் போடுகிற பட்டி வாங்கச் சொல்ல வேண்டும். கண்டதை எல்லாம், முக்கியமாகக் குறைகளை, படத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

என்னிடம் லாசா அப்சோ என்கிற நீள முடி ஜாதி நாய் ஒன்று இருந்தது. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி சிக்கிக் கட்டியாகிப்போய், வெட்டி எடுத்த பிறகுதான் உள்ளே அட்டை கடித்த புண்கள் தெரிந்தன. யாராவது விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் அலுமாரிக்கு அடியில் போய்விடும். அதையும் அப்படியே எழுதினேன். பண்டாரவளையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் போன் எடுத்தார். வயது, விலை எதுவும் கேட்கவில்லை. "விளக்குமாத்துக்கு மட்டும்தான் பயமா, கைத்தடிக்கும் பயப்படுமா? எங்க ஐயா தடி ஊனித்தான் நடப்பார்" என்றார். ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் வந்து வாசற்படியில் உட்கார்ந்து, தடியைத் தரையில் கிடத்திவிட்டு, நாயைப் பார்க்காமல் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அது மெதுவாக வந்து தடியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மோந்து பார்த்தது. பிறகு அவருடைய ஸ்வெட்டர் கையை மோந்தது. அவர் அப்போதும் கையை நீட்டவில்லை. இந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வருகிறவர்களிடம் தவறாமல் கேட்க வேண்டியது: ராத்திரி எங்கே படுக்கும்? "வெளியில கட்டி வைப்போம், காவலுக்கு" என்றால் பேச்சை அதோடு முடித்துவிடுங்கள். தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நாயைத் தூக்கிப் போவது நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கட்டிக் கிடக்கிற சின்ன நாய் கத்தக்கூட முடியாது. குளிரும் சும்மா இல்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் பனி உறைகிற ஊர்.

பங்களா என்றால் நல்ல வீடு, லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) என்றால் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பெரிய பங்களாவில் நாயைக் காவல்காரரிடம் விட்டுவிட்டு, கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வந்து தடவிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். லயத்தில் பாட்டி பகல் முழுக்க வீட்டில் இருப்பார், பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து மடியில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம். குரைக்கிற நாய் என்றால் பக்கத்துக் காம்பரா (அறை) குடும்பத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கொடுங்கள்.

வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். புது வீட்டில் முதல் வாரங்களில் முற்றத்தில்கூட கயிறு இல்லாமல் விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வந்த வழியே திரும்பி ஓடப் பார்க்கும். தேயிலைக்குள் புகுந்துவிட்டால் நம் இடுப்பு உயரச் செடிகளுக்கு அடியில் அது போவது கண்ணுக்கே தெரியாது. பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியும் அங்கேதான் இருக்கும். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்றே அப்படிச் சிக்கிச் செத்தது.

ஒத்துவரவில்லை என்றால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோர்ட்டுக்குப் போவதற்கு இல்லை. கூச்சப்படாமல் போன் எடுக்க அவர்களுக்கு அது ஒரு தைரியம். பொமரேனியன் 12 வருடத்துக்கு மேலும் வாழும், உங்களிடம் இருக்கிற நாய்க்கு இன்னும் பாதி ஆயுளுக்கு மேல் இருக்கிறது. கருத்தடைக்கு நாள் குறித்த பிறகு, கவனித்ததை எல்லாம் எழுதி இங்கேயே போடுங்கள். ஹட்டன் பக்கம் எனக்குத் தெரிந்தவர்களிடம் நானும் சொல்லி வைக்கிறேன்.